பிடிஎச் 412: ஒரு டயாலிசிஸ் ரிப்போர்ட்டின் கதை

சித்தப்பாவின் போன மாத ரிப்போர்ட்டில் நான்கு எண்கள் தடித்த எழுத்தில் இருந்தன. பாஸ்பரஸ் 6.8. கால்சியம் 8.3. ஹீமோகுளோபின் 10.4. பாராதைராய்டு ஹார்மோன், லேப்காரர்கள் சுருக்கமாகச் சொல்லும் பிடிஎச், 412. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் ‘நார்மல் 15 முதல் 65 வரை’ என்று அச்சடித்திருந்தது. சித்தப்பாவின் கண் அதிலேயே நின்றுவிட்டது.

“ஆறு மடங்குடா. இவ்வளவு நாள் யாரும் சொல்லவே இல்ல பாரு.”

டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கி, பேனாவால் 6.8-ஐ மட்டும் வட்டம் போட்டார். பிடிஎச்சுக்கு நேராக ஒரு டிக். ஹீமோகுளோபினுக்கும் டிக். கால்சியத்தின் பக்கத்தில் ஏதோ சின்னதாகக் கூட்டல் போட்டு 8.8 என்று எழுதினார். “மத்ததெல்லாம் பரவாயில்ல, பாஸ்பரஸ்தான் இறங்கணும்” என்றார். வெளியே வந்ததும் சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி: “அறுபத்தஞ்சு இருக்கவேண்டியது நானூத்திச் சொச்சம் இருக்கு, அது பரவாயில்லயாம். நாலரை இருக்கவேண்டியது ஆறே முக்கால், அதுக்கு வட்டமாம். என்ன கணக்கு இது?”

அந்தக் கணக்கைத்தான் சொல்லப் போகிறேன். நாள்பட்ட சிறுநீரக நோயில் ரிப்போர்ட்டின் எண்கள் தனித்தனி ஆட்கள் அல்ல, ஒரே குடும்பத்து ஆட்கள். ஒன்றைத் தட்டினால் இன்னொன்று முறைக்கும்.

சிறுநீரகம் என்றதும் கழிவை வடிகட்டும் உறுப்பு என்றுதான் நினைவு வரும். அது பாதி வேலை. மீதிப் பாதி கணக்குப்பிள்ளை வேலை. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று விடாமல் பார்த்து, கூடினால் சிறுநீரில் தள்ளி, குறைந்தால் பிடித்துவைக்கும். இது போக ஹார்மோன்களையும் தயாரிக்கிறது. ஒன்று, ரத்தம் ஊறச்செய்யும் எரித்ரோபாய்ட்டின். இன்னொன்று கால்சிட்ரியால். நாம் வெயிலில் நின்றோ மாத்திரையாகவோ பெறும் வைட்டமின் டி அப்படியே வேலைக்கு ஆகாது. கல்லீரலில் ஒரு மாற்றமும், அதன்பின் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தால்தான் அது கால்சிட்ரியால் ஆகும். அந்தக் கடைசி மாற்றம் சிறுநீரகத்தில்தான் நடக்கிறது என்று 1970-ல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் காட்டினார்கள். டயாலிசிஸ் மெஷின் வடிகட்டும் வேலையில் ஒரு பங்கைச் செய்யும். ஹார்மோன் வேலையில் ஒரு துளியும் செய்யாது.

கால்சியத்தைப் பாருங்கள். வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பில். ரத்தத்தில் ஓடுவது சொற்பம். ஆனால் இதயத்துடிப்பும் தசையும் நரம்பும் நம்பியிருப்பது அந்தச் சொற்பத்தைத்தான். அதனால் உடம்பு எலும்பைச் சேமிப்புக் கணக்குபோல வைத்துக்கொண்டு, ரத்தத்தில் கால்சியம் குறையும்போதெல்லாம் அதிலிருந்து எடுக்கிறது. ‘எடு’ என்று உத்தரவு போடுவது பிடிஎச். அதைச் சுரக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில், பெரும்பாலோருக்கு நான்கு இருக்கும். அவை அவ்வளவு சிறியவை என்பதால் உடற்கூறு நிபுணர்களின் கண்ணில் வெகுகாலம் படவில்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்க்கும்போதுதான் ரிச்சர்ட் ஓவன் அவற்றைக் கவனித்தார். மனிதரில் விவரமாக எழுதியவர் 1880-ல் ஸ்வீடன் நாட்டு மருத்துவ மாணவர் இவார் சாண்ட்ஸ்ட்ரோம்.

சிறுநீரகம் மெல்லக் கெட ஆரம்பிக்கும்போது முதலில் நடப்பது என்ன? தின்ற சோற்றிலும் பருப்பிலும் பாலிலும் வரும் பாஸ்பரஸை முன்புபோல வெளியே தள்ள முடிவதில்லை. உடனே எலும்பின் செல்கள் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. ‘மிச்சமிருக்கும் வடிகட்டிகளே, இன்னும் கொஞ்சம் பாஸ்பரஸைத் தள்ளுங்கள்’ என்பது அதன் உத்தரவு. கூடவே அது கால்சிட்ரியால் தயாரிப்பையும் அமுக்கிவிடும், குடலிலிருந்து மேலும் பாஸ்பரஸ் ஏறக்கூடாது என்பதற்காக. கால்சிட்ரியால் குறைந்தால் கால்சியமும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. கால்சியம் இறங்கப் பார்க்கும். பாராதைராய்டு விழித்துக்கொண்டு பிடிஎச்சை ஏற்றும். எலும்பிலிருந்து கால்சியம் கரையும்.

இத்தனையும் நடந்து முடியும்வரை ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் நார்மலாகவே காட்டும். அதுதான் இதில் ஏமாற்றும் இடம். வீட்டில் வருமானம் குறைந்தபின் நகையை ஒவ்வொன்றாக அடகு வைத்து, வெளியே யாருக்கும் தெரியாமல் அதே சாப்பாடு, அதே துணிமணி என்று ஓட்டுகிற குடும்பத்தைப் போல. பாஸ்பரஸ் எண் ஏறிக் கண்ணுக்குத் தெரியும்போது நகை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றைச் சமாளிக்க உடம்பு இன்னொன்றைப் பலிகொடுக்கிறது என்ற இந்தக் கருத்தை அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் நீல் பிரிக்கர் 1972-லேயே எழுதிவிட்டார். எஃப்ஜிஎஃப்-23 அடையாளம் காணப்பட்டது 2000-ல்தான்.

இனி டயாலிசிஸ் கணக்கு. சித்தப்பாவுக்கு வாரம் மூன்று நாள்: திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கட்டுப்பாடாகச் சாப்பிட்டாலே ஒருநாளைக்கு 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் வயிற்றுக்குள் போய்விடும். அதில் ஏறக்குறைய 600 குடலில் உறிஞ்சப்படும் என்று வைத்தால் வாரத்துக்கு 4200. ஒரு டயாலிசிஸ் சராசரியாக 800 மில்லிகிராம் எடுக்கும். மூன்று தடவைக்கு 2400. பாக்கி 1800 உடம்பிலேயே. வாரம் இரண்டு தடவை மட்டும் போகிறவருக்கு, நம் ஊரில் அப்படிப் போகிறவர்கள் நிறைய, பாக்கி 2600. இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவராக இருந்தால் அதில் ஒரு பங்கு கழியும். அதனால்தான் ‘யூரின் எவ்வளவு போகுது?’ என்று டாக்டர்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்.

‘நாலு மணி நேரம் மெஷின் ஓடுதே, எடுக்க வேண்டியதுதானே?’ என்று தோன்றும். யூரியா அப்படி எடுபடும். பாஸ்பரஸ் எடுபடாது. அதன் பெரும்பகுதி எலும்பிலும் செல்களுக்குள்ளும் இருக்கிறது. மெஷினுக்கு எட்டுவது ரத்தத்தில் ஓடுவது மட்டும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது மளமளவென்று இறங்கும். பிறகு உள்ளேயிருந்து கசிந்து வருகிற வேகத்துக்குத்தான் எடுக்க முடியும். ஊசியைப் பிடுங்கிக் கட்டுப்போட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அளவு மறுபடி ஏற ஆரம்பித்துவிடும். ஆழ்கிணற்றில் சின்ன ஊற்று இருந்து, மோட்டார் மட்டும் பெரிசாகப் போட்டதுபோல.

மிச்ச 1800-க்குத்தான் ‘பைண்டர்’ மாத்திரைகள். கால்சியம் அசிடேட், செவலமர், லாந்தனம் என்று சில வகை. இவை ரத்தத்தில் போய் வேலை செய்வதில்லை. குடலில், சாப்பாட்டோடு கலந்து, பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். சாப்பாடு இல்லாத குடலில் இவற்றுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை.

சித்தப்பாவின் 6.8-க்கான காரணம் இங்கேதான் கிடைத்தது. அவர் மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு என்று மூன்று அறை. கால்சியம் அசிடேட்டை, “கால்சியம்னு போட்டிருக்கே, எலும்புக்குத்தானே” என்று இரவு படுக்கப்போகும்போது மூன்றையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக. சித்தி அதைப் பாலில் கொடுத்தாளாம், வயிறு புண்ணாகாமல் இருக்க. அந்த அரை டம்ளர் பாலில் இருந்த பாஸ்பரஸைத்தான் அந்த மூன்று மாத்திரையும் பிடித்திருக்கும். பகல் முழுக்கத் தின்ற இட்லி, சாம்பார், மீனுக்குக் காவல் யாரும் இல்லை. இப்போது முதல் வாயோடோ சாப்பாட்டின் நடுவிலோ எடுத்துக்கொள்கிறார். சாப்பிடாத வேளைக்கு மாத்திரையும் இல்லை. சாயங்காலம் இரண்டு வடை தின்றால் அதற்கும் ஒன்று வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டார். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் இதையும் சேர்த்துப் போடக்கூடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பைண்டர் அதையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன? 667 மில்லிகிராம் கால்சியம் அசிடேட் ஒன்று சுமார் 30 மில்லிகிராம் பாஸ்பரஸைப் பிடிக்கும். 1800-ஐ முழுக்கப் பிடிக்க வாரத்துக்கு அறுபது, நாளுக்கு ஒன்பது என்று வரும். ஒவ்வொன்றிலும் 169 மில்லிகிராம் கால்சியம். ஒன்பது என்றால் 1500 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாக உள்ளே போகிறது, அதை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாத உடம்புக்குள். அந்தக் கால்சியம் எலும்புக்குத்தான் போகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பாஸ்பரஸ் மிகுந்த ரத்தத்தில் ரத்தக்குழாயின் தசைச் செல்களே எலும்புச் செல்போல மாறத் தொடங்கும். குழாய்ச்சுவரில் சுண்ணாம்பு படியும். பல ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்த இளைஞர்களுக்கே இதய ரத்தக்குழாயில் இப்படிப் படிந்திருப்பதை 2000-ல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரக நோயாளிகளில் பலரை இதயம்தான் கைவிடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கால்சியம் இல்லாத செவலமர் வந்தது இதனால்தான். விலைதான் கூடுதல்.

இன்னும் பின்னால் போனால் ஒரு கசப்பான அத்தியாயம் இருக்கிறது. 1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிரந்தரமாக ஒரு குழாயைப் பொருத்தித் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். அதுவரை நாள் கணக்கில் இறந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழத் தொடங்கினார்கள். வாழ்ந்ததால்தான் எலும்பு நோய் என்ற தொல்லை பெரிதாகத் தெரியவந்தது. பாஸ்பரஸை இறக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள், அருமையாகப் பிடித்தது. சில ஆண்டுகளில் சிலருக்குப் பேச்சு குழறியது, கைகால் வெட்டி இழுத்தது, நினைவு தப்பியது. இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் சேர்ந்திருப்பதை டென்வரில் ஆலன் ஆல்ஃப்ரி குழுவினர் 1976-ல் காட்டினார்கள். டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய தண்ணீரிலிருந்தும் வந்திருந்தது, மாத்திரையிலிருந்தும் வந்திருந்தது. இன்றைக்கும் நெஞ்செரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற வெள்ளைத் திரவ மருந்துகள் பலவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன. டயாலிசிஸ்காரர் வீட்டில் அந்த பாட்டில் இருக்கக்கூடாது.

சாப்பாட்டைக் குறைக்கலாமே என்றால் அதிலும் ஒரு இடக்கு. டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் அதிகம் வேண்டும், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல். புரதம் இருக்கிற இடத்தில் பாஸ்பரஸும் இருக்கும். பருப்பையும் மீனையும் நிறுத்தினால் பாஸ்பரஸ் அழகாக இறங்கும், ஆளும் இறங்கிவிடுவார். அதனால் எல்லாப் பாஸ்பரஸும் ஒன்றல்ல என்று தெரிந்துகொள்வது நல்லது. பருப்பு, தானியத்தில் இருப்பதைக் குடல் பாதிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். இறைச்சி, பாலில் இருப்பதை அதைவிடக் கூடுதலாக. பாக்கெட் உணவிலும் கோலா பானத்திலும் சேர்க்கிற பாஸ்பேட் உப்புகள் கிட்டத்தட்ட முழுக்கவே ஏறும். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 338 முதல் 343 வரை, அல்லது 450, 451, 452 என்று ஐஎன்எஸ் எண் (உணவில் சேர்த்த பொருளின் அடையாள எண்) இருந்தால் அது பாஸ்பேட். சித்தி இப்போது பேரனுடைய பூதக்கண்ணாடியை அடுப்படியிலேயே வைத்திருக்கிறாள். முட்டையில் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட எல்லாம் மஞ்சள் கருவில்தான். வெள்ளைக்கருவில் புரதம் மட்டும். நெத்திலி மாதிரி முள்ளோடு தின்கிற மீன் வேண்டாம்.

பொட்டாசியம் வேறு மாதிரி எதிரி. பாஸ்பரஸ் வருஷக்கணக்கில் அரிக்கும், பொட்டாசியம் ஒரே ராத்திரியில் இதயத்தை நிறுத்தும். இளநீர் இங்கே மருந்தல்ல. ஒரு டம்ளரிலேயே ஐந்நூறு, அறுநூறு மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். ‘பிரஷருக்கு நல்லது’ என்று விற்கிற குறைந்த சோடியம் உப்பு அதைவிட மோசம். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது திங்கள்தான். நடுவில் இரண்டு முழு நாள். அந்த நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிற நாளில்தான் மரணங்கள் கூடுதல் என்று அமெரிக்கப் பதிவுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பந்தி அந்த இடைவெளிக்குள்தான் வந்து விழும்.

இப்போது சித்தப்பாவின் 412-க்கு வரலாம். சிறுநீரகம் செயலிழந்தவரின் எலும்பு பிடிஎச்சின் குரலுக்குச் சரியாகக் காதுகொடுக்காது. காது மந்தமானவரிடம் பேசுவதுபோலக் கொஞ்சம் உரக்கப் பேசினால்தான் எலும்பில் பழையதைக் கரைத்துப் புதிதாகக் கட்டுகிற வேலை நடக்கும். அதனால் டயாலிசிஸில் இருப்பவருக்கு, சர்வதேச வழிகாட்டுதல்படி, நார்மலின் மேல் எல்லையைப்போல இரண்டு முதல் ஒன்பது மடங்குவரை இருக்கலாம்: 65 என்றால் 130-க்கும் 585-க்கும் நடுவில். லேப் அச்சடிக்கும் ‘15 முதல் 65’ சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு. மருந்தைக் கொட்டி 412-ஐ 60-க்கு இறக்கினால் எலும்பு வேலைநிறுத்தம் செய்துவிடும். கரைப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை. கால்சியத்தை வாங்கி வைத்துக்கொள்ள எலும்புக்குத் திராணி இருக்காது, அது ரத்தக்குழாய்க்குப் போகும். டாக்டர் பார்ப்பது ஒரு எண்ணை அல்ல, போக்கை. 250, 330, 412 என்று மூன்று தடவையும் ஏறிக்கொண்டே வந்தால் அந்த 412-க்கு வேறு அர்த்தம்.

இறக்கவேண்டியிருந்தாலும் நேராக இறங்க முடியாது. பிடிஎச்சை அமுக்கக் கால்சிட்ரியால் கொடுக்கலாம். ஆனால் அது குடலில் கால்சியத்தோடு பாஸ்பரஸையும் சேர்த்து இழுக்கும். 6.8-ல் இருப்பவருக்கு அதைக் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. ஆகவே பாஸ்பரஸ் முதலில், மற்றது பிறகு. வட்டம் அங்கே விழுந்ததற்குக் காரணம் இதுதான். கால்சியத்தை ஏற்றாமல் பிடிஎச்சை இறக்கும் சினகால்செட் 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கோ கால்சியத்தை அதிகமாக இறக்கிவிடும் குணம். எதற்கும் அடங்காமல் சுரப்பி வீங்கிப்போனால் அறுவை சிகிச்சை. பிடிஎச் திடீரென்று நின்றதும் பசித்துக்கிடந்த எலும்பு ரத்தத்திலுள்ள கால்சியத்தை வாரி விழுங்கும். விரல் மரத்து, கை முறுக்கிக்கொள்ளும். நாள்கணக்கில் கால்சியத்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றவேண்டியிருக்கும்.

வாராவாரம் சாப்பிடுகிற அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி பவுடரும் கால்சிட்ரியால் மாத்திரையும் ஒன்று என்று நினைத்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. முன்னது கச்சாப்பொருள், பின்னது முடிந்த சரக்கு. இரண்டும் அவரவர் இடத்தில் தேவைப்படலாம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்கக்கூடாது.

8.3 எப்படி 8.8 ஆனது? ரத்தத்தில் கால்சியத்தின் ஒரு பெரும்பங்கு ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். சித்தப்பாவுக்கு ஆல்புமின் 3.4, இருக்கவேண்டியது 4. அந்த 0.6 குறைவை 0.8-ஆல் பெருக்கிக் கூட்டினால் 8.8 வரும். ஆல்புமின் குறைந்தவரிடம் கால்சியம் குறைவுபோலக் காட்டும்; அதை நம்பிக் கால்சியம் மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப்போட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன்.

ஹீமோகுளோபின் 10.4-க்கு டிக் விழுந்ததும் இதே வகைக் கதைதான். எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனைப் பிரித்தெடுக்க ஜப்பானின் குமமோட்டோவில் தகாஜி மியாகே, ரத்தசோகை நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்தார். அதிலிருந்து 1977-ல் சிகாகோவில் சுத்தமான ஹார்மோன் கிடைத்தது. 1989-ல் ஊசியாக அனுமதிக்கப்பட்டது. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அது மறுபிறவி. ஊசிதான் இருக்கிறதே, ஹீமோகுளோபினை நார்மலுக்கே கொண்டுபோய்விடலாம் என்று மருத்துவர்களுக்கும் ஆசை வந்தது. 2006-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 13.5-ஐ இலக்காக வைத்தவர்களுக்கு இதயக் கோளாறும் மரணமும் கூடின. 2009-ல் இன்னொன்றில், சர்க்கரையும் சிறுநீரக நோயும் சேர்ந்தவர்களுக்கு 13-ஐ இலக்காக வைத்தபோது பக்கவாதம் 2.6 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனது. அதற்கப்புறம் பத்துக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் நிறுத்திக்கொள்கிறார்கள். சித்தப்பாவின் 10.4 அந்த இடத்தில்தான் இருக்கிறது.

சித்தப்பாவின் பக்கத்துப் படுக்கையில் இரண்டு வருஷம் இருந்தவருக்குப் போன தை மாதம் சிறுநீரக மாற்று நடந்தது. சமீபத்தில் பார்க்க வந்தார். டாக்டர் தன்னைப் பால் குடிக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். வந்த புதுச் சிறுநீரகம் பிரமாதமாக வேலை செய்கிறது. ஆனால் பழைய நாட்களில் ஏறிப்போன பிடிஎச்சும் எஃப்ஜிஎஃப்-23-உம் இறங்க மாதக்கணக்கில் ஆகும். அவை இன்னும் ‘தள்ளு, தள்ளு’ என்று கத்திக்கொண்டிருக்கின்றன. கேட்க இப்போது நல்ல சிறுநீரகம் இருப்பதால் பாஸ்பரஸ் சிறுநீரில் கொட்டுகிறது, ரத்தத்தில் 1.9-தான் நிற்கிறது. அதனால் பால், முட்டை, மீன் எல்லாம் தாராளமாக.

சித்தப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“முள்ளோடயேவா?”